இன்னும் ஒரு ஈடு

கல்ஃபில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை மாதிரி சொகுசான வேலை கிடையாது என்று யேசுதாசனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. இங்கே கரண்ட் போகாது. ஊரில் மேகம் கறுத்தாலே போய்விடும். இங்கே மணற்காற்று அடித்து எதிரே நிற்கிற லாரி கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். போகாத கரண்டுக்குக் காவலாக ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு விசா, மாதச் சம்பளம், வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போக டிக்கெட்.

"உமக்கென்ன ஓய், சும்மா இருக்கதுக்கு சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீருதான்" என்று சர்ச் வாசலில் பார்க்கிற நாகர்கோவில்காரர்கள் கேலி செய்வார்கள். யேசுதாசன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார். கேலி செய்கிறவர்களைத் திட்டவும் முடியாது. அவர் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கரண்ட் போனதில்லை என்பது உண்மைதானே.

அவர் வேலை பார்த்தது அல் ஐனில் ஒரு டயாலிசிஸ் சென்டரில். பேரீச்சந்தோட்டத்தின் ஓரமாக இருக்கிற வெள்ளைக் கட்டிடம். மேலே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். உள்ளூர் அரபிக் கிழவர்களும் டாக்சி ஓட்டுகிற பட்டான்களும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படுத்திருப்பார்கள். அவர்கள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, திரும்ப உள்ளே வரும். அங்கே தலைமை நர்ஸ் யேசுதாசனின் மனைவி தேவகனி. கட்டிடத்தின் பின்பக்கம் சில படி இறங்கினால் ஜெனரேட்டர் அறை. அது யேசுதாசனின் ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். இஞ்சினைச் சும்மா ஓட்டக் கூடாது. ஓட்டினால் பாரம் கொடுத்து ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. மற்ற கட்டிடங்களில் வாரத்துக்கு ஒரு நாள் பட்டனை அமுக்கி, 'டுடுடு' என்று சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, 'கலாஸ்', முடிந்தது வேலை என்று அணைத்துவிடுவார்கள். யேசுதாசனிடம் அந்தப் பேச்சே இல்லை. நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையில் கட்டிடத்தின் அத்தனை ஏசியையும் போட்டு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஓடவிட்டு, அந்த முழுப் பாரத்தையும் இஞ்சின் தலையில் ஏற்றுவார். அது வியர்க்க வியர்க்க வேலை செய்ய வேண்டும். புகைக்குழாய் நன்றாகச் சுட வேண்டும். அப்புறம்தான் அணைப்பார்.

ஒரு தடவை சென்டரின் அர்பாப், அதாவது முதலாளி, வெள்ளை கந்தூரா அங்கியும் வாசனையுமாக விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, பின்பக்கமும் வந்து, "ஜெனரேட்டரைக் கொஞ்சம் போட்டுக் காட்டு, இவர்கள் சத்தத்தைக் கேட்கட்டும்" என்றார். யேசுதாசன், "லோடு மாஃபி, ஸ்டார்ட் மாஃபி" என்று அரைகுறை அரபியில் சொல்லி, பாரம் இல்லாமல் போட முடியாது என்று கையை விரித்துவிட்டார். மேனேஜர் சீதாராமனுக்கு வியர்த்துவிட்டது. தஞ்சாவூர்க்காரர், பயந்த சுபாவம், அர்பாப் தும்மினாலே எழுந்து நிற்கிறவர். அர்பாப் கோபப்படவில்லை. "அப்படியானால் லோடு கொடுத்தே போடு" என்றார். யேசுதாசனுக்கு அது போதும். கட்டிடத்தில் இருக்கிற ஏசி அத்தனையையும் கடைசி எண்ணுக்குத் திருகிவிட்டு இஞ்சினைப் போட்டார். விருந்தாளிகள் ரிசப்ஷனில் அரபிக் காப்பியான காவாவைக் குடித்துக்கொண்டே பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தார்கள். சூடேறி முடிகிற வரைக்கும் யேசுதாசன் நிறுத்தவேயில்லை. அர்பாப் கந்தூராவைப் போர்த்திக்கொண்டு சிரித்த சிரிப்பை சீதாராமன் இன்றைக்கும் சொல்லுவார்.

இத்தனை பிடிவாதம் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வரும்? கடலுக்கு அடியிலிருந்து வந்தது.

யேசுதாசன் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். வீட்டில் எல்லோரும் மீன்பிடித் தொழில். இவருக்கு மட்டும் அலையைக் கண்டால் வயிற்றைப் புரட்டும். கடலுக்குப் போகாமல் தப்பிக்க வேண்டும் என்றே பாலிடெக்னிக் படித்து டீசல் மெக்கானிக் ஆனார். டீசல் மெக்கானிக் ஆனதால் நேவியில் எடுத்தார்கள். நேவியில் எடுத்தவர்கள் கடலின் மேல்கூட வைத்துக்கொள்ளவில்லை, நேராக அடியில் அனுப்பிவிட்டார்கள். விதி ஆளைத் தேடிப்பிடித்துக் கேலி செய்யும் என்பதற்கு இவரைவிட உதாரணம் வேண்டாம். ஆனால் அடியில் அலை இல்லை. வயிறு புரட்டவில்லை. அதனால் அங்கேயே தங்கிவிட்டார்.

அது அணுசக்தியில் ஓடுகிற நீர்மூழ்கிக் கப்பல். பேரைக் கேட்டால் சொல்ல மாட்டார். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். போகட்டும், பேர் நமக்கெதற்கு. அணுவில் ஓடுகிற கப்பலுக்கு டீசல் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லுவார். அணு உலை என்பது ராஜா மாதிரி. ராஜா ஏதோ காரணத்தால் படுத்துவிட்டால் அவரைக் குளிர்வித்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி எழுப்ப ஒருத்தன் வேண்டும். முதலில் பாட்டரி தாங்கும். பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? அது தீருவதற்குள் மேலே வந்து, காற்றுக் குழாயைக் கடலுக்கு வெளியே நீட்டி, டீசல் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். அந்த டீசல்தான் யேசுதாசன். வருஷம் முழுவதும் வேலையே இல்லாத, ஆனால் ஒருநாள் எல்லோர் உயிரும் தன் தலையில் ஏறப்போகிற வேலை.

அந்தக் கப்பலில் காற்று என்பது திரும்பத் திரும்ப அதே காற்று. எண்ணெய் வாடை, காலுறை வாடை, அவிந்த முட்டைக்கோஸ் வாடை, எல்லாம் சேர்ந்து மெஷினுக்குள் போய்ச் சலித்து வரும். ஆகவே சமையலறையில் எதையும் எண்ணெயில் பொரிக்கக் கூடாது. பொரித்தால் புகை போக வழியில்லை. எத்தனை நாள் கடலுக்கடியில் கிடந்தாலும் அவித்ததும் வேகவைத்ததும்தான்.

ஆனால் டீசலைச் சோதித்துப் பார்க்கிற நாள் வேறு. கப்பல் மேல்மட்டத்துக்கு வந்து காற்றுக் குழாயை நீட்டும். இஞ்சின் உறுமிக்கொண்டு காற்றை இழுக்கும். மேலே ஒரு பெரிய அலை குழாயை மூடினால் உள்ளே எல்லோருக்கும் காது 'பொட்' என்று அடைக்கும். ஆனால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். புதுக் காற்று வருகிறதே. டியூட்டி இல்லாதவர்கள் காற்று வருகிற துவாரத்தின் அடியில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் உப்பு வாசம் வரும். ஒருநாள் மழை வாசம் வரும். கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்த ஒரு நாளில் எங்கோ சருகு எரிக்கிற வாசம் வந்தது. பெரிய பெரிய மீசை வைத்த ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் சமையலறையில் வாணலி ஏறும்.

கப்பலின் சமையல்காரர் அழகுமலை. சிவகங்கைப் பக்கத்துக்காரர். கடலையே பத்தொன்பது வயசில்தான் பார்த்தாராம். டீசல் ஓடுகிற சத்தம் கேட்டதும் எண்ணெயைக் காயவைத்துவிடுவார். முதல் ஈடு வெங்காயப் பக்கோடா, ஆபீசர்களுக்கு. அடுத்த ஈடும் பக்கோடா, மற்றவர்களுக்கு. எல்லோரும் தின்று முடிக்கிற சமயத்தில், தன் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒளித்துவைத்திருக்கிற நெத்திலிக் கருவாட்டை எடுப்பார். அது தென்னாட்டு ஆட்களுக்கும், கருவாடு என்றால் உயிரை விடுகிற ஒரு வங்காளிக்கும். பஞ்சாபி ஆபீசர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போடுவார்கள். அந்தச் சமயத்தில் பார்த்து இஞ்சின் ரூமிலிருந்து யேசுதாசன், சோதனை முடிந்தது, நிறுத்தப் போகிறேன் என்று சொல்லி அனுப்புவார். உடனே அழகுமலை கரண்டியோடு ஓடிவந்து இஞ்சின் ரூம் கதவில் தலையை நீட்டிக் கத்துவார்.

"நிறுத்தாத மாப்ள! இன்னும் ஒரு ஈடு கெடக்கு!"

யேசுதாசன் நிறுத்த மாட்டார். எப்படி நிறுத்துவார்? அந்த ஈட்டில் அவர் பங்கு ஒரு காகிதத்தில் பொட்டலமாக இஞ்சின் ரூமுக்கே வரும். சூடும் சத்தமும் எண்ணெய் நாற்றமுமாக இருக்கிற அந்த இடத்தில் நின்றபடி, மொறுமொறுவென்று அதைத் தின்றதைப்போல ஒரு ருசியைத் தாம் அப்புறம் எங்கேயும் கண்டதில்லை என்று அவருக்கு இன்றைக்கும் தோன்றும். மெல்ல மெல்ல அது ஒரு பழக்கமாகவே ஆயிற்று. கப்பலில் யாராவது முகம் வாடினால், "டீசலை ஒருக்கா போட்டுப் பாத்திரலாமா சார், ரொம்ப நாளாச்சு" என்று யேசுதாசன் ஆபீசரிடம் போய் நிற்பார். ஜாக்கிரதையான ஆள் என்று ஆபீசரும் சந்தோஷப்படுவார். அந்தக் கப்பலின் டீசல் இஞ்சின் மாதிரி ஆசையாக ஓட்டப்பட்ட இஞ்சின் எந்த நேவியிலும் இருந்திருக்காது.

ஆசைதான் வினையாயிற்று. ராஜா, அதுதான் அணு உலை, நல்ல சுகமாக இருக்கும்போது டீசலுக்கு வேலை என்ன? பாட்டரி நிறைந்திருக்கும். பாரமே இல்லாமல் இஞ்சின் வெறுமே ஓடும். அப்படி ஓடுகிற டீசல் இஞ்சின் சூடேறாது. போடுகிற எண்ணெய் முழுக்க எரியாது. எரியாதது புகைக்குழாயில் பிசின் மாதிரி கறுப்பாகப் படியும். ஒரு ஈடு, இன்னும் ஒரு ஈடு என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம். யேசுதாசனுக்கு இது தெரியாதா? பாடத்தில் படித்ததுதான். ஆனால் சத்தம் நன்றாக இருந்தது. பட்டனைத் தொட்டதும் எடுத்தது. அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

ஒருநாள், ஆழத்தில் இருக்கும்போது, ஏதோ கருவி பொய்யாகச் சொன்ன எச்சரிக்கையை நம்பி உலை தானாகவே நின்றுவிட்டது. பாட்டரியில் கப்பல் மேலே வந்தது. குழாயை நீட்டினார்கள். யேசுதாசன் பட்டனைத் தொட்டார். ஒரே எடுப்பில் இஞ்சின் எடுத்தது. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. 'பாத்தியளா' என்கிற மாதிரி சுற்றிப் பார்த்தார். பாரத்தைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இஞ்சின் திணறியது. சத்தம் இறங்கியது. படிந்திருந்த பிசின் பற்றிக்கொண்டு புகைக்குழாய் கனன்றது, கறுப்புப் புகை உள்ளேயே சுருண்டது. நிறுத்த வேண்டியதாயிற்று.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கை அணைத்து, காற்றாடியை அணைத்து, இருக்கிற பாட்டரியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி இஞ்சினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்துப் பழக்கி, கடைசியில் உலையை எழுப்பிவிட்டார்கள். அதுவரைக்கும் எல்லோரும் இருட்டில் வெற்றுடம்போடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யேசுதாசனுக்கு அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. இருட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு ஆபீசர் கேட்டது இவ்வளவுதான். "போன சோதனையில் எப்படி ஓடியது?"

"நல்லா ஓடிச்சு சார்."

"லோடு கொடுத்தா?"

யேசுதாசன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆபீசர் திட்டாமல் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அழகுமலை அன்றோடு கருவாடு பொரிப்பதை விட்டுவிட்டார். கப்பலில் மட்டுமல்ல. இரண்டு பேரும் நேவியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அழகுமலை துபாய்க்கு வந்து கராமாவில் ஒரு சின்ன மெஸ் போட்டார். சோறு, சாம்பார், மீன் குழம்பு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் உண்டு. ஆனால் கருவாட்டுப் பொரியல் மட்டும் கிடையாது. அக்கம்பக்கத்து ரூம்களில் குடியிருக்கிற பாச்சிலர்கள் ஏங்கிப்போய்க் கேட்பார்கள். "பில்டிங்ல வாடை வருதுன்னு கம்ப்ளைண்ட் பண்ணுவாங்கப்பா" என்று சொல்லிவிடுவார். எதிர்க் கடையில் பொரிக்கிற வாடை தெருவையே தூக்கிக்கொண்டு போகும். இவருக்கு மட்டும் கம்ப்ளைண்ட் பயம்!

யேசுதாசனை கல்ஃபுக்கு இழுத்துவந்ததும் அழகுமலைதான். இரண்டு பேரும் வருஷத்துக்குச் சில தடவை பார்ப்பார்கள், போனில் வாராவாரம் பேசுவார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை. யேசுதாசன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நேவிக்குப் போட்டுக்கொடுத்த கையெழுத்தில் பக்கோடாவும் கருவாடும் அடங்குமா என்று யாராவது கேட்டால் அவர் என்ன சொல்லுவாரோ தெரியாது.

இப்போது யேசுதாசனுக்கு இருந்த ஆசையைச் சொல்ல வேண்டும். அது நல்ல ஆசை இல்லை. கரண்ட் ஒரு தடவையாவது போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை இல்லை, நிஜமாகவே போக வேண்டும். அப்போது தான் அங்கே நிற்க வேண்டும், தன் இஞ்சின் பாரத்தைத் தூக்குகிற சத்தத்தைத் தன் காதால் கேட்க வேண்டும். கப்பலில் திணறி இறங்கிய அந்தச் சத்தம் அவர் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்னொரு சத்தம் வந்துதான் அதை வெளியே தள்ள முடியும் என்று நம்பினார். ஆனால் நாற்காலிகளில் ஆட்கள் ரத்தக் குழாயோடு படுத்திருக்கும்போது, சொந்த மனைவி அவர்கள் நடுவில் நிற்கும்போது, கரண்ட் போக வேண்டும் என்று ஒரு மனுஷன் ஆசைப்படலாமா?

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது இதைச் சொல்லியேவிட்டார். தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதர் கேட்டார்.

"கரண்ட் போகணும்னு ஜெபம் பண்ணுனீங்களா?"

"இல்ல பாதர். ஆசப்பட்டேன், அவ்வளவுதான்."

"போச்சா?"

"போகல்ல."

"அப்ப ஆண்டவருக்கு உங்கள தெரியும்" என்று சிரித்துவிட்டு, மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார்.

வருஷங்கள் ஓடின. யேசுதாசனின் மூட்டு தேய்ந்தது. ஜெனரேட்டர் அறையின் படியில் இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை, இரண்டுக்கும் முட்டி சத்தம் போட ஆரம்பித்தது. ஈஸ்டர் முடிந்ததும் அவர் ஊருக்குப் போய்விடுவது, தேவகனி ஒப்பந்தம் முடிந்து பின்னாலேயே வருவது என்று முடிவாயிற்று. அவர் இடத்துக்கு ஷ்யாம் என்று ஒரு மலையாளி டெக்னீஷியன் வந்தார். கப்பல் கம்பெனிகளில் வேலை பார்த்து அடிபட்டவர், விவரமான ஆள். பாரம் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று யேசுதாசன் தொடங்கியதுமே, "அறியாம் சேட்டா, புகைக்குழல் நாசமாகும்" என்று, தனக்கும் தெரியும் என்கிற மாதிரி முடித்துவிட்டார். யேசுதாசனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

கடைசி வாரம். விளக்குகள் என்றைக்கும்போல எரிந்துகொண்டிருந்தன. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அழகுமலை கராமாவிலிருந்து போனில் ஒற்றைக்காலில் நின்றார். யேசுதாசன் தயங்கினார்.

"போயிட்டு வாங்க" என்றாள் தேவகனி. "இத்தன வருஷமா போகாத கரண்டா நீங்க இல்லாத ஒரு நாளு பாத்து போகப்போகுது?"

காலையில் பஸ் ஏறி, துபாயில் இறங்கி மெட்ரோ பிடித்து, முட்டியைத் தடவிக்கொண்டே கராமாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மெஸ்ஸில் கூட்டம் ஓயும் நேரம். அழகுமலை வெளியே சாப்பாட்டு மேசையில் உட்காரவிடவில்லை. அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்டூலைப் போட்டார். தலை நரைத்து, தொப்பை போட்டு, கப்பலில் இருந்த ஆளே இல்லை. ஆனால் கரண்டி பிடிக்கிற கை அப்படியே இருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரப்பர் போட்டு, ஒளித்துவைத்த மாதிரியே வைத்திருந்தார். யேசுதாசனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"என்ன மக்கா இது?"

"நெத்திலி. உங்க ஊரு நெத்திலிதான், ஒருத்தன் லீவுல போயிட்டு வரும்போது கொண்டுவரச் சொன்னேன்." எண்ணெய் காய்கிறதா என்று கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனி எப்ப வரப்போற நீ. இன்னைக்கு போட்டுருவோம் மாப்ள. எத்தன நாளைக்குத்தான் ரெண்டு பேரும் அந்த நாள நெனச்சு முழிச்சுக்கிட்டே திரியறது."

யேசுதாசன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, ஸ்டூலை அடுப்புக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஈட்டை அழகுமலை எண்ணெயில் போட்டார். சடசடவென்று பொரிந்தது. அந்த வாசம் எழும்பி முகத்தில் அடித்ததும் யேசுதாசனுக்குக் காது அடைப்பதுபோல இருந்தது. உப்புக்காற்று, இஞ்சின் சூடு, காகிதப் பொட்டலம், எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அந்த வங்காளி இப்போது எங்கே இருப்பான் என்று நினைத்தார். கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், அடுப்படிதானே.

முதல் ஈட்டை அரித்தெடுத்துத் தட்டில் கொட்டுகிற நேரத்தில் போன் அடித்தது. தேவகனி.

"கேட்டியளா? கரண்டு போயிற்று."

யேசுதாசன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "எப்ப?"

"இப்பத்தான். வெளிய ரோடு தோண்டுனவன் கேபிள வெட்டிப்போட்டானாம். இந்த பக்கம் முழுக்க இல்ல."

"மெஷினு? ஆளு யாராவது…"

"எல்லா சேர்லயும் ஆளு கெடக்கு. எல்லா மெஷினும் ஓடுது. லைட்டு அணைஞ்சுது, நான் அருள் நிறைந்த மரியேன்னு தொடங்குனேன். பாதி ஜெபம் சொல்லல்ல, வந்திட்டு. பட்டான் ஒருத்தன் ஒறங்கிட்டு கெடந்தான், அவன் இன்னும் முழிக்கவே இல்ல."

"ஷ்யாம் என்ன செய்யான்?"

"கீழ நிக்காரு. இஞ்சின் தானா எடுத்திட்டாம். கைய கட்டிட்டு சும்மாதான் நிக்காரு."

யேசுதாசன் சுவரைப் பிடித்துக்கொண்டார். தான் அங்கே இல்லை. இத்தனை வருஷம் படியிறங்கிப் படியேறிக் காத்திருந்துவிட்டு, இந்த ஒரு மதியம் கருவாடு தின்ன வந்துவிட்டார். அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை.

"புகை என்ன நெறத்துல வருது?"

"நான் நர்ஸாக்கும். புகைய பாத்துட்டா நிக்கேன்?" ஆனாலும் அவர் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். "நில்லுங்க" என்றாள். செருப்புச் சத்தம் கேட்டது. பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "பாத்தாச்சு. வெள்ளையும் இல்ல, கறுப்பும் இல்ல. ஒண்ணும் தெரியல்ல. குழாக்கு மேல காத்து மட்டும் நெளியுது."

"ஒண்ணும் தெரியல்லியா?"

"ஒண்ணும் தெரியல்ல."

"அப்ப எண்ணெய் முழுக்க எரியுது. போனை அங்க நேரா பிடி. கொஞ்ச நேரம் பிடி."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தார். சத்தம் வந்தது. கனமான, ஒரே சீரான சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இன்றைக்கு அது ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அழகுமலை அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். திடீரென்று சத்தம் கொஞ்சம் இறங்கியது. பெரிய ஏசி ஒன்று மறுபடி ஓடத் தொடங்குகிறது, அதன் பாரம் மொத்தமாக விழுகிறது. யேசுதாசன் மூச்சை நிறுத்திக்கொண்டார். கப்பலில் இந்த இடத்தில்தான் இறங்கிய சத்தம் மேலே வராமலே போயிற்று.

இங்கே வந்தது. ஒரு முக்கல், அவ்வளவுதான். தலையில் ஏற்றிவிட்ட மூட்டையைச் சரிசெய்துகொண்டு நடக்கிறவன்போல இஞ்சின் பழைய சத்தத்துக்குத் திரும்பி, தன்பாட்டுக்கு ஓடியது.

யேசுதாசன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழகுமலையும் அழுதார், ஆனால் அவர் கையில் கரண்டி இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

"பாத்தியா மாப்ள" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்பயெல்லாம் நீ இஞ்சின போடுவ, நான் கருவாட போடுவேன். இன்னைக்கு நான் கருவாட போட்டேன், ஒன் இஞ்சின் எடுத்துருச்சு."

பொட்டலத்தில் மிச்சம் இருந்த நெத்திலியைக் கையில் அள்ளினார். அடுப்பைப் பெரிதாக்கினார். அப்புறம் போனிடம் குனிந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, பழைய குரலில் கத்தினார்.

"நிறுத்தாதீங்க தங்கச்சி! இன்னும் ஒரு ஈடு கெடக்கு!"

தேவகனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அந்த வெயிலில், போனைப் புகைக்குழாய்க்கு நேராகப் பிடித்தபடியே நின்றாள்.